பழைய சூப்பர்மார்க்கெட் இடத்துல பெரிய பில்டிங் வருது, தெருக்காரங்க கையெழுத்து இல்லாம கட்ட முடியுமா?

கேள்வியைப் பாக்காதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடுதேன். நாகர்கோவில்ல மெயின் ரோட்டுல இருந்து உள்ள திரும்புற ஒரு தெரு, அதோட முனையில 40 சென்ட் இடத்துல தகர ஷீட் போட்ட பழைய சூப்பர்மார்க்கெட், அது பூட்டிக் கிடந்து இப்ப ஒரு பில்டர் வாங்கிட்டாரு. இடிச்சுட்டு கீழ பெரிய சூப்பர்மார்க்கெட், மேல ஃப்ளாட்டுன்னு அவரு சொல்லுதாரு, ஃப்ளாட் எல்லாம் இல்ல மேல கல்யாண மண்டபம்தான்னு தெருவுல ஒரு பேச்சு, பாதிப் பேரு வரட்டும் நல்லதுதானேங்குதாங்க, பாதிப் பேரு ஒரு செங்கல் வைக்க விடமாட்டோம்ங்குதாங்க, வாட்ஸ்அப் குரூப்பே ரெண்டாயிடுச்சு. "எங்க கையெழுத்து இல்லாம கட்ட முடியுமா, ஸ்டே வாங்கலாமா"ன்னு கேட்டிருக்கீங்க தம்பி.

நான் பிளான் அப்ரூவல் வேலையிலயே கிடக்கிறவன், பில்டருக்கும் வரைஞ்சு குடுத்திருக்கேன், எதிர்த்து நின்ன தெருக்காரங்களுக்கும் பிளான் ஷீட்டை விரிச்சு வச்சு படிச்சு சொல்லியிருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் என்ன நடக்கும்னு தெரியும். நேரா விஷயத்துக்கு வாறேன்.

கையெழுத்து தேவையில்ல. சொந்த இடத்துல, விதிப்படி கட்ட, பக்கத்து வீட்டுக்காரன் சம்மதம்னு ஒண்ணு சட்டத்துல கிடையாது. நூறு பேரு கையெழுத்துப் போட்டு "எங்களுக்கு விருப்பமில்லை"ன்னு மனு குடுத்தா அதை வாங்கி சீல் வச்சு ஃபைல்ல போடுவாங்க, அவ்வளவுதான், ஏன்னா விருப்பமில்லைங்கிறது ஒரு காரணமே இல்ல. ஊர்க்காரங்க ஆட்சேபனையை கட்டாயம் கேக்க வேண்டிய ஒரு சந்தர்ப்பம் உண்டு, அது நிலப் பயன்பாட்டு மாற்றம். மாஸ்டர் பிளான்ல (எந்த இடம் எதுக்குன்னு அரசு போட்ட வரைபடம்) அந்த சர்வே நம்பர் குடியிருப்புன்னோ விவசாயம்னோ இருந்து, அதை வணிகம்னு மாத்தணும்னா செய்தித்தாள்ல விளம்பரம் குடுத்து ஆட்சேபனை கேக்கணும். நம்ம ஊர்ல இது சின்ன விஷயம் இல்ல பாத்துக்கிடுங்க. இன்னைக்கு பஜாரா இருக்கிற எத்தனையோ இடம் ஒரு காலத்துல ஏலா, வயல நிரத்தி மேல கடை போட்டது, பழைய கடை இருந்துச்சுங்கிறதுக்காக ரெக்கார்டுல அது வணிகமா மாறி இருக்கணும்னு அவசியமில்ல. அதனால முதல்ல பாக்க வேண்டியது பில்டர் யாரு, எந்த கட்சிங்கிறது இல்ல. அந்த சர்வே நம்பர் மாஸ்டர் பிளான்ல என்ன கலர்ல இருக்குங்கிறதுதான். மிக்ஸட் ரெசிடென்ஷியலா (வீடும் கடையும் கலந்த பகுதி) இருந்தாலும் கடைக்கு ஒரு அளவு இருக்கு, எவ்வளவு பெருசானாலும் போடலாம்னு கிடையாது.

அடுத்தது எவ்வளவு கட்டலாம். குரூப்புல ஒருத்தரு "பத்து மாடி வருதாம்"ன்னு போட்டிருக்காரு, இன்னொருத்தரு "ரெண்டு மாடிதான்"னு. கணக்கைப் போட்டுப் பாத்துடலாம். இப்ப நடைமுறையில இருக்கிறது 2019ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள். 18.30 மீட்டர் உயரத்துக்குள்ள நின்னா அது உயரம் குறைஞ்ச கட்டிடம்னு வரும், அதைத் தாண்டினா ஹைரைஸ். ஹைரைஸ் ஆயிட்டா நாலு பக்கமும் குறைஞ்சது 7 மீட்டர் விடணும், ரோடு அகலமும் நல்லா வேணும், அதனால இந்த மாதிரி 40 சென்ட் இடத்துல எந்த பில்டரும் 18.30ஐ தாண்ட மாட்டான், கீழ தூண் போட்டு பார்க்கிங், மேல அஞ்சு மாடின்னு அதுக்குள்ளயே அடக்கிடுவான். 40 சென்ட்னா 17,424 சதுர அடி. எஃப்எஸ்ஐ, அதாவது இடத்தோட அளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற கணக்கு, 2ன்னா அதுக்கு ரெண்டு மடங்கு, 34,848 சதுர அடி. ரோடு 9 மீட்டருக்கு மேல 12க்குள்ள இருந்தா பணம் கட்டி 30 சதவீதம் பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம், அப்ப சுமார் 45,000. கீழ வண்டி நிப்பாட்டுற தளம் இந்தக் கணக்குல சேராது. ஆக பத்து மாடி வராது, ரெண்டு மாடியோடயும் நிக்காது. உங்க தெருவுல இருக்கிற மாடி வீட்டை எல்லாம் எட்டிப் பாக்கிற உயரத்துக்கு ஒண்ணு வரும், அது சட்டப்படி சரியாவும் இருக்கலாம். இதை மனசுல வாங்கிட்டுத்தான் மேல பேசணும்.

ஸ்டே பத்தி. சுப்ரீம் கோர்ட்ல ரெண்டு பழைய கேஸ் இருக்கு, ரெண்டுமே சினிமா தியேட்டர் விவகாரம், ஆனா உங்க தெருவுக்கு அளவெடுத்து தச்ச மாதிரி இருக்கும். ஒண்ணு 1976ல வந்த தீர்ப்பு, குஜராத்ல ஒருத்தரு புதுசா தியேட்டர் கட்ட என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கினாரு, அதே ஊர்ல ஏற்கெனவே தியேட்டர் வச்சிருந்தவரு அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனாரு. உனக்கு வியாபாரம் குறையும்ங்கிறது சட்டப்படியான பாதிப்பு இல்ல, நீ பாதிக்கப்பட்ட ஆளே இல்லன்னு அனுப்பிட்டாங்க. இன்னொண்ணு அதுக்கு ரெண்டு வருஷம் முந்தி, 1974, உடுப்பி. அங்க கல்யாண மண்டபமும் சொற்பொழிவு ஹாலும்னு சொல்லி அனுமதி வாங்கிட்டு அப்புறம் அதை தியேட்டரா மாத்தினாங்க, அது குடியிருப்புப் பகுதி, திட்டப்படி அங்க தியேட்டருக்கு இடமில்ல. அந்தப் பகுதியில குடியிருக்கிறவரு எதிர்த்துப் போனாரு, குடியிருக்கிறவனுக்கு அந்தப் பகுதி திட்டப்படி இருக்கணும்னு கேக்க உரிமை உண்டுன்னு கோர்ட் ஏத்துக்கிச்சு.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்லுதேன்னா, உங்க எதிர்ப்பு கோஷ்டியில முன்னால நிக்கிறது யாருன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, தெருவுல பலசரக்குக் கடை வச்சிருக்கிற அண்ணாச்சியும், மெயின் ரோட்டுல மினி ஹால் வச்சிருக்கிறவரும். அவங்க கவலை நியாயம்தான், பெரிய கடை வந்தா அண்ணாச்சிக்கு மாசக் கணக்கு வாடிக்கை பாதி போயிடும், கடனுக்குக் குடுத்தவங்க எல்லாம் கார்டு தேய்க்க அங்க போவாங்க, அதுல எனக்கும் வருத்தம் உண்டு. ஆனா மனுவுல முதல் பேரா அவங்க பேரு இருந்துச்சுன்னா எதிர் வக்கீலுக்கு அதுவே போதும், மொத்த மனுவும் வியாபாரப் போட்டின்னு ஆயிடும். அந்த இடத்தை ஒட்டி வீடு இருக்கிறவங்க, எதிர்த்த வாசல்காரங்க, பின்பக்க ஓடை ஓரமா தாழ்வா வீடு இருக்கிறவங்க, இவங்கதான் கையெழுத்துப் போடணும், அதுவும் ஆளுக்கு ஒரு மனுவா, அவங்க அவங்க வீட்டுக்கு என்ன கெடுதல் வருதுன்னு. ஒரே மனுவுல நூறு கையெழுத்தை விட தனித்தனியா ஆறு மனு கனமா இருக்கும்.

இன்னொரு விஷயமும் சொல்லணும், சொல்லாம விட்டா மனசு கேக்காது. மேல மாடியில ஜெப வீடு வரப்போகுதுன்னு ஒரு குரூப்புலயும், இல்ல வேற ஒரு கோஷ்டி ஆபீஸ் வருதுன்னு இன்னொரு குரூப்புலயும் ஓடுதுன்னு எழுதியிருந்தீங்க. நம்ம மாவட்டத்துல எந்தக் கட்டிடம் எழும்பினாலும் இந்தப் பேச்சு வந்துடும். வழிபாட்டுத் தலம்னா அதுக்கு கலெக்டர் அனுமதி தனியா வேணும், ஃப்ளாட்டுன்னு வாங்கின பிளானை வச்சு அதைச் செய்ய முடியாது, அவ்வளவுதான் பதில். அந்தப் பேச்சை உங்க மனுவுல ஒரு வரி கூட சேக்காதீங்க. சேத்தா விஷயம் நகர் ஊரமைப்பு ஆபீஸ்ல இருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு மாறிடும், சமாதானக் கமிட்டி, கோட்டாட்சியர் (ஆர்டிஓ) விசாரணைன்னு போகும், செட்பேக்கும் (சுத்தி விட வேண்டிய காலி இடம்) பார்க்கிங்கும் யாருக்கும் ஞாபகம் இருக்காது, பில்டர் அதுக்குள்ள மூணாவது ஸ்லாப் போட்டிருப்பான்.

இப்ப பிளானுக்கு வருவோம், விஷயமே அங்கதான். "வேணுமா வேண்டாமா"ன்னு சண்டை போடுற தெரு தோத்துப் போகும், "கேட் எந்தப் பக்கம்"னு கேக்கிற தெருவுக்கு ஏதாவது கிடைக்கும். இது என் அனுபவத்துல பாத்தது. முனை இடத்துல வழக்கமா நடக்கிறது என்னன்னா, ஷீட்டுல வண்டி உள்ள போற அம்புக்குறி மெயின் ரோட்டைப் பாத்து இருக்கும், ரோடு அகலமும் மெயின் ரோட்டு அகலத்தைத்தான் எழுதியிருப்பாங்க. ஆனா கட்டும்போது மெயின் ரோட்டு முகப்பு முழுக்க கண்ணாடி போட்டு கடையாயிடும், அந்த முகப்புலதானே வாடகை இருக்கு, வண்டி எல்லாம் பக்கத்துல உங்க தெரு வழியாத்தான் உள்ள போகும். ஷீட்டுல தெருவுப் பக்கம் சின்னதா ஒரு கேட் "சர்வீஸ் என்ட்ரி"ன்னு காட்டியிருப்பாங்க, அந்த சின்ன கேட்தான் பின்னால எல்லாத்துக்கும் வாசல். நான் ஒரு ஷீட்டுல பாத்தேன், பார்க்கிங்ல கார் கட்டம் எல்லாம் அழகா நம்பர் போட்டு வரைஞ்சிருக்கு, ஆனா ஒரு கட்டத்துக்கு நேர் நடுவுல தூண். இன்னொரு கட்டத்துல டிரான்ஸ்ஃபார்மர் மேடை. ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேணும்னு விதி இருக்கு, ஸ்கேல் வச்சு அளந்தா பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரிஞ்சுடும். பார்க்கிங் எத்தனை வேணும்னு விதியோட பின்னிணைப்புல பட்டியல் இருக்கு, கடைக்கு ஒரு கணக்கு, ஃப்ளாட்டுக்கு ஒரு கணக்கு, ஹாலுக்கு வேற கணக்கு. அந்தப் பட்டியலையும் ஷீட்டையும் பக்கத்துல வச்சு எண்ணிப் பாருங்க. குறைஞ்சா அது ஆட்சேபனை, அதை யாரும் "விருப்பமில்லை"ன்னு ஒதுக்க முடியாது.

ரோடு அகலம் இன்னும் முக்கியம். உங்க தெரு பாக்க இருபத்தஞ்சு அடி மாதிரி இருக்கும், ஆனா எஃப்எம்பில (சர்வே நம்பரோட நில அளவை வரைபடம்) என்ன இருக்குன்னு பாருங்க, நம்ம பக்கம் பல தெரு வழிநடை பாதையா இருந்து அகலமானது, சிலருடைய பட்டா நிலம் ரோட்டுக்குள்ளயே கிடக்கும். திருவிதாங்கூர் காலத்து பிரமாணத்துல (பத்திரத்துல) ஒரு அளவு, ரீசர்வேல ஒரு அளவு, இடத்துல ஒரு அளவுன்னு மூணு இருக்கும். 1956ல தமிழ்நாட்டோட சேந்தோம், ரெக்கார்டு எல்லாம் ஒரே நாள்ல சேந்து வரல, பழைய ஆதாரம் இன்னும் மலையாளத்துல கிடக்கு. பில்டர் கையில நல்ல சர்வேயர் இருப்பாரு, உங்க கையிலயும் ஒரு எஃப்எம்பி காப்பியும் அ-பதிவேடு (நில வகை, உரிமை எழுதின கிராமக் கணக்கு) நகலும் இருக்கணும், ரெண்டும் ஆன்லைன்லயே பாக்கலாம், நகர நில அளவை ஆன இடம்னா டவுன் சர்வே நகல் கேக்கணும்.

அப்புறம் தண்ணி. பின்பக்கம் ஓடை போகுதுன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்க, எனக்கு அதுதான் பெரிய விஷயமா படுது. அது வெறும் சாக்கடையா, இல்ல பாசன சானலோட கிளையா? அனந்தனார் சானல்ல இருந்து பிரியுற கிளை ஓடை எல்லாம் நகருக்குள்ள வந்ததும் சாக்கடை மாதிரி ஆயிடுச்சு, ஆனா ரெக்கார்டுல அது இன்னும் ஓடைப் புறம்போக்குதான். 2021 நவம்பர்ல மழை அடிச்சப்ப நம்ம மாவட்டம் பட்ட பாடு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ரோடு எது சானல் எதுன்னு தெரியாம கிடந்துச்சு. ஓடையை ஒட்டின இடம்னா நீர்வளத்துறை என்ஓசி வேணும், தண்ணி எந்த மட்டத்துக்கு ஏறும், இடத்தை எவ்வளவு உயத்தணும்னு அவங்கதான் சொல்லணும். இங்க ஒரு பொறி இருக்கு. பில்டர் தன் இடத்தை மூணு அடி மண்ணடிச்சு உயத்திக்கிடுவான், அவனுக்குத் தண்ணி ஏறாது, இதுவரைக்கும் அந்த 40 சென்ட்ல தேங்கி மெதுவா வடிஞ்ச தண்ணி முழுக்க உங்க தெருவுக்கு வரும். அதனால 2021ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சோ அந்த போட்டோ, வீடியோ யாருகிட்ட இருந்தாலும் இப்பவே சேத்து வைங்க, போன்ல இருந்து அழிஞ்சு போயிருக்கும், ஃபேஸ்புக்ல போட்டவங்ககிட்ட தேடுங்க. மனுவோட அதை இணைச்சு, மழைநீர் வடிகால் எங்க கொண்டு சேக்கப் போறீங்கன்னு ஒரே கேள்வி கேளுங்க. மழைநீர் சேகரிப்பு 2003ல இருந்தே எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயம், ஆனா ஷீட்டுல வட்டம் போட்டு ஒரு குழி காட்டினா முடிஞ்சுதுன்னு நினைக்கிறவங்கதான் அதிகம்.

பேஸ்மென்ட் தோண்டுறாங்களான்னும் கேளுங்க. தோண்டினா மோட்டார் போட்டு ராப்பகலா தண்ணி இறைப்பாங்க, பக்கத்துக் கிணறு வத்தும், பழைய வீட்டுச் சுவத்துல, முக்கியமா காம்பவுண்டுல, விரிசல் விடும். விட்ட பிறகு "இது முந்தியே இருந்த விரிசல்"னு சொல்லிடுவாங்க, உங்களால மறுக்க முடியாது. அதனால இடிக்கத் தொடங்குறதுக்கு முந்தி ஒட்டி இருக்கிற வீட்டுக்காரங்க எல்லாரும் சுவத்தை, தரையை, காம்பவுண்டை தேதியோட போட்டோ எடுத்து வைங்க. ஏற்கெனவே இருக்கிற விரிசல் மேல ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை குறுக்க வச்சு ரெண்டு முனையிலயும் சிமெண்ட் பூசி, தேதி எழுதி விடுங்க, சுவர் கொஞ்சம் அசைஞ்சாலும் கண்ணாடி உடைஞ்சுடும், சைட் இன்ஜினியருக்கு அந்த பாஷை நல்லாப் புரியும். முடிஞ்சா பில்டரோட இன்ஜினியரையே கூட்டிட்டு வந்து பாக்க வச்சு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குங்க, இந்த விஷயத்துல பெரும்பாலும் போட்டுக் குடுப்பாங்க, அவங்களுக்கும் அது பாதுகாப்புதான். இடிக்கிறதுக்கும் அனுமதி வேணும், தகர ஷீட்தானேன்னு இல்ல, பழைய கூரை ஆஸ்பெஸ்டாஸா இருந்தா அதை உடைச்சு நொறுக்கவே விடாதீங்க, நனைச்சு முழுசா இறக்கச் சொல்லுங்க. இடிச்ச கழிவை ஓடையில தள்ளினா உடனே போட்டோ எடுத்து மாநகராட்சிக்கு அனுப்புங்க, கட்டிடக் கழிவுக்குன்னு 2016ல இருந்தே தனி விதி இருக்கு.

சத்தம் பத்தி ரொம்பப் பேரு யோசிக்க மாட்டாங்க. சூப்பர்மார்க்கெட்டுனாலே ஃப்ரீசர், கோல்ட் ரூம், அதுக்கு கம்ப்ரஸர் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும், கரண்ட் போனா ஜெனரேட்டர். இதை எல்லாம் முகப்புல வைக்க மாட்டாங்க, பின்பக்கம் உங்க படுக்கையறை ஜன்னலுக்கு நேரா வரும். குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10ல இருந்து காலை 6 வரை 45 டெசிபல், இது 2000ல வந்த ஒலி மாசு விதி. காலையில அஞ்சு மணிக்கு பால் வண்டி, ஆறு மணிக்கு காய்கறி லாரி, ஈச்சர் வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது பீப் பீப்னு அடிக்கும் பாருங்க, அதுக்கு தெருவுல ஒருத்தன் தூங்க முடியாது. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கிற கடையை ராத்திரி முழுக்க திறந்து வைக்க தமிழ்நாட்டுல அரசாணையே இருக்கு, அதனால "பத்து மணிக்கு பூட்டணும்"னு கேட்டு நேரத்தை வீணாக்காதீங்க. சரக்கு இறக்குற இடம் கட்டிடத்துக்கு உள்ள இருக்கணும், லாரி உள்ள போய் உள்ளயே திரும்பி முன்பக்கமா வெளிய வரணும், கம்ப்ரஸரும் ஜெனரேட்டரும் மெயின் ரோட்டுப் பக்க மொட்டை மாடியில இருக்கணும், இதைக் கேளுங்க. இதெல்லாம் பில்டருக்கு பெரிய நஷ்டம் இல்ல, ஆரம்பத்துல கேட்டா பேனா போற வேலை, ஸ்லாப் போட்ட பிறகு கேட்டா சுத்தியல் போற வேலை.

மண்டபம் விஷயத்துல மட்டும் நான் எதிர்ப்பு கோஷ்டி பக்கம். ஃப்ளாட்டும் கடையும் வந்தா தெரு தாங்கும், மேல மண்டபம் வந்தா தாங்காது. முகூர்த்த நாள்ல ஒரே நேரத்துல நூத்துக்கணக்கான வண்டி, செண்டை மேளம், பந்தி முடிஞ்ச இலை, எல்லாம் அந்த ஒரு தெருவுல. ஜனங்க கூடுற கட்டிடம்னா விதியும் வேற, தீயணைப்புத் துறை சான்று, பார்க்கிங், படிக்கட்டு அகலம் எல்லாம் கூடும். அதனால நேரா மண்டபம்னு போட மாட்டாங்க, "மல்டிபர்ப்பஸ் ஹால்", "கம்யூனிட்டி ஹால்", "பேங்க்வெட்"னு ஷீட்டுல ஒரு மாடி மட்டும் சுவர் இல்லாம வெறுமையா கிடக்கும். அந்த வெறும் மாடி இருந்தா அங்க விரலை வச்சுக் கேளுங்க, இது என்ன யூஸ்னு எழுத்துல வேணும்னு. உடுப்பி கேஸை அந்த இடத்துலதான் சொல்லணும்.

வரட்டும்னு சொல்லுதவங்களையும் துரோகி மாதிரி பாக்காதீங்க. அந்தக் கடை பூட்டினதுல இருந்து வயசான ஆட்கள் ஒரு கிலோ ஜீனிக்கு ஆட்டோ பிடிச்சு வேப்பமூடு பக்கம் போக வேண்டியிருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பூட்டிக் கிடக்கிற பழைய கடைக்குள்ள ராத்திரி குடிக்கிற கும்பல், பாம்பு, குப்பை. அவங்களுக்கு ஒரு கடை வேணும், உங்களுக்கு தெரு கெடக்கூடாது, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதாத விஷயம். "கடை வரட்டும், கேட் மெயின் ரோட்டுல வரட்டும், மண்டபம் வேண்டாம், ஓடையில கை வைக்கக் கூடாது"ன்னு ஒரு நாலு வரியில ரெண்டு கோஷ்டியும் கையெழுத்துப் போடலாம். அப்படிப் போட்ட தெருவை பில்டர் கண்டிப்பா மதிப்பான், ரெண்டா நிக்கிற தெருவுல அவனுக்கு வேலை சுளுவு. கோவில் கொடைக்கு ஒரு தொகை, சர்ச் திருவிழாவுக்கு லைட் செட்டு, வாசகசாலைக்கு ரெண்டு ஃபேன்னு குடுத்து ஊர்க் கமிட்டியை அமைதியாக்குறது இங்க நடக்காத கதை இல்ல. வாங்கிட்டா அப்புறம் வாயைத் திறக்க முடியாது, முதல் கூட்டத்துலயே எதுவும் வாங்குறதில்லன்னு எழுதி வச்சுக்கிடுங்க.

பில்டர் வாயால எவ்வளவு வேணும்னாலும் சொல்வாரு, "அண்ணே நான் இந்த ஊர்க்காரன்தானே, உங்களுக்குக் கஷ்டம் வர விடுவேனா". அவரு நல்லவராவே இருக்கட்டும், கடையை நாளைக்கு வேற கம்பெனிக்கு வாடகைக்கு விடுவாரு, மாடியை வித்துட்டுப் போயிடுவாரு, அப்ப அந்த வாக்கு யாரைக் கட்டும்? முத்திரைத்தாள்ல எழுதி வாங்கினாலும் புதுசா வாங்குறவனை அது சுலபமா கட்டாது. கேக்கிறது எதுவா இருந்தாலும் பிளான் ஷீட்டுல கோடா வரணும், இல்லன்னா அனுமதி உத்தரவுல நிபந்தனையா வரணும்.

இனி என்ன செய்யணும்னா, முதல்ல ஃபைல் எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க. சின்ன கட்டிடம்னா மாநகராட்சியே குடுத்துடும், இந்த அளவுன்னா திட்ட அனுமதி நகர் ஊரமைப்புத் துறை வழியாத்தான் வரணும், அதுக்கு அப்புறம் மாநகராட்சி கட்டிட அனுமதி. ஆர்டிஐல 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ரெண்டு ஆபீஸுக்கும் தனித்தனியா போடுங்க. "ஏன் அனுமதி குடுத்தீங்க"ன்னு கேக்காதீங்க, ஏன் எதுக்குன்னு கேட்டா பதில் வராது, சர்வே நம்பர் போட்டு, விண்ணப்பம் வந்திருக்கா, வந்திருந்தா வரைபடத்தோட நகல், இடத்தைப் பாத்த அறிக்கையோட நகல், ரோடு அகலம் எந்த ஆவணத்தை வச்சு எடுத்தாங்களோ அதோட நகல், நீர்வளத்துறை கடிதத்தோட நகல், இப்படி காகிதத்தைக் கேளுங்க. 30 நாளுக்குள்ள பதில் வரணும், வரலன்னா மேல்முறையீடு. சிலர் மூணாம் நபர் தகவல்னு வரைபடத்தைத் தர மறுப்பாங்க, அப்ப வேற வழி இருக்கு. 500 சதுர மீட்டருக்கு மேல உள்ள இடத்துல ஃப்ளாட்டோ கடையோ கட்டி விக்கணும்னா ரெராவுல (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு பண்ணணும், 40 சென்ட்னா 1,600 சதுர மீட்டருக்கு மேல வருது, அதனால விக்கிற எண்ணம் இருந்தா அவரு பதிவு பண்ணித்தான் ஆகணும், பண்ணினா அனுமதி பெற்ற வரைபடம் ரெரா வெப்சைட்லயே கிடக்கும், வீட்டுல உக்காந்து பாக்கலாம். பதிவு பண்ணாம விளம்பரம் போட்டாருன்னா அதுவே ஒரு புகார்.

ஆர்டிஐ பதிலுக்காகக் காத்திருக்காதீங்க, அதுக்குள்ள ஆட்சேபனை மனுவைக் குடுத்துடுங்க, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துல ஒண்ணு, நகர் ஊரமைப்பு ஆபீஸ்ல ஒண்ணு, கமிஷனருக்கு ஒண்ணு, எல்லாத்துக்கும் ரசீது நம்பர் வாங்குங்க, தபால்ல அனுப்பினா ஒப்புகையோட. கவுன்சிலரைப் பாத்து ஏரியா சபையில பேச வைக்கலாம், தீர்மானம் பிளானை நிறுத்தாது, ஆனா மினிட்ஸ்ல ஏறும். இந்த ரசீது எல்லாம் ஏன்னா, ஹைகோர்ட் மதுரை கிளைக்குப் போனா முதல்ல கேக்கிற கேள்வியே அதிகாரிகிட்ட மனு குடுத்தீங்களா, எப்ப குடுத்தீங்கங்கிறதுதான். பல கேஸ்ல "மனுதாரர் ஆட்சேபனையை விசாரிச்சு இத்தனை வாரத்துல முடிவெடுங்க"ன்னுதான் உத்தரவு வரும். அது சின்ன உத்தரவு மாதிரி தெரியும், ஆனா அந்த விசாரணைக்கு நீங்க போய் உக்காந்து கார் கட்டத்துல தூண் நிக்குதுன்னு காட்டினா அதிகாரி எழுத்துல பதில் சொல்லணும், அது போதும். உள்ளூர் சிவில் கோர்ட்ல திட்ட அனுமதியையே எதிர்த்துப் போட்டா அதிகார வரம்புன்னு இழுப்பாங்க, காம்பவுண்டு தகராறு, பாதை உரிமை, சுவர் சேதம், இதுக்குத்தான் சிவில் கோர்ட். வெளிச்சம் காத்து மறையுதுன்னு கேஸ் போடலாமான்னு கேட்டிருந்தீங்க, போடலாம், ஆனா கொஞ்சம் குறையுதுங்கிறது போதாது, வீட்டுல புழங்கவே முடியாத அளவுக்குக் குறையுதுன்னு நிரூபிக்கணும், ஓபன் சைட் விட்டுக் கட்டுற கட்டிடத்துக்கு எதிரா அது கஷ்டம்.

வேலை தொடங்கின பிறகு பிளானுக்கு மாறா கட்டினா நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 56, 57, வேலையை நிறுத்தவும் மாறுதலை எடுக்கச் சொல்லவும் அதிகாரம் அதுல இருக்கு. மனுவுல அந்தப் பிரிவு நம்பரை எழுதுங்க. கடைசிக் கட்டம் பணி நிறைவுச் சான்று, இந்த அளவு வணிகக் கட்டிடத்துக்கு அது இல்லாம நிரந்தர கரண்ட் கனெக்ஷன் கிடைக்காது, அதனால மாறுதல் ஏதாவது இருந்தா சான்று குடுக்கிறதுக்கு முந்தி, ஃப்ரீசர் வந்து இறங்குறதுக்கு முந்தி, போட்டோவோட மனு குடுத்துடணும், மின்வாரியத்துக்கும் ஒரு காப்பி. அதைத் தாண்டிப் போச்சுன்னா அப்புறம் சீல் வைக்கிறது, வரன்முறைப்படுத்துறதுன்னு வருஷக்கணக்கா இழுக்கும், சென்னை டி.நகர்ல அது எப்படி இழுத்துச்சுன்னு பேப்பர் படிச்சவங்களுக்குத் தெரியும்.

இப்போதைக்கு சர்வே நம்பரை வச்சு எஃப்எம்பி எடுத்துப் பாருங்க, ஓடை எந்தப் பக்கம் போகுது, எத்தனை அகலம் எழுதியிருக்கு, தெரு தனி சர்வே நம்பரா இருக்கா இல்ல யாரு பட்டாவுக்குள்ளயாவது வருதா, இந்த மூணையும் எழுதுங்க. தெரு தனி நம்பரா இல்லன்னா மேல சொன்னதுல பாதி மாறும், அதை வச்சு மிச்சத்தை சொல்லுதேன்.